முதலில் யாருடைய எண்?

மகளின் பள்ளியில் ஒவ்வொரு கல்வியாண்டு தொடங்கும்போதும் ஒரு படிவம் கொடுத்தனுப்புவார்கள். பெயர், ரத்த வகை, ஒவ்வாமை ஏதாவது உண்டா, கடைசியில் அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று இரண்டு கட்டங்கள். 1, 2 என்று போட்டிருக்கும். மூன்று வருடமாக முதல் கட்டத்தில் என் எண், இரண்டாவதில் கணவரின் எண். அப்படி எழுதச் சொல்லி யாரும் சொன்னதில்லை, பேனாவை எடுத்தால் கை தானாக அப்படித்தான் போகும். நாலாவது வருடம் அந்தப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தபோது நான் வேலை பார்க்கும் மென்பொருள் நிறுவனத்தில் இயக்குநர் பொறுப்புக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. என்னவோ தோன்றி, கைபேசியில் பள்ளியின் எண்ணைத் தேடிப் பார்த்தேன். அந்த எட்டு மாதத்தில் எனக்கு 11 அழைப்புகள் வந்திருந்தன. காய்ச்சல், வயிற்று வலி, கையெழுத்து போட மறந்த தாள், விளையாடும்போது சிராய்ப்பு, இன்னும் என்னென்னவோ. கணவரின் கைபேசியையும் வாங்கிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.

அவர் பொறுப்பில்லாதவர் என்று சொல்ல வரவில்லை. அழைத்திருந்தால் போயிருப்பார். ஆனால் யாரும் அவரை அழைக்க வேண்டிய நிலையே வரவில்லை, ஏனென்றால் நான் இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிடுவேன், எந்த மீட்டிங்கில் இருந்தாலும்.

அன்றைக்கு இரண்டு எண்களையும் இடம் மாற்றி எழுதினேன். “என்னங்க, இந்த வருஷம் உங்க நம்பரை முதல்ல போட்டிருக்கேன்” என்றேன். “சரி, போடேன்” என்றார், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது வாரம் பள்ளியிலிருந்து அவருக்கு அழைப்பு போனது. அவர் உடனே என்னை அழைத்தார். “எனக்கு ஒரு முக்கியமான மீட்டிங், நீ போறியா?” நானும் அந்த நேரத்தில் மீட்டிங்கில்தான் இருந்தேன். எழுந்து போயிருப்பேன், பழக்கம் அப்படி. அன்றைக்கு மட்டும் எப்படியோ, “இல்லைங்க, இன்னைக்கு என்னால முடியாது” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் அந்த மீட்டிங்கில் என்ன பேசினார்கள் என்று எனக்கு ஒன்றுமே நினைவில்லை.

தலைமைப் பொறுப்பில் இருக்கும் பெண்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் “எதை விட்டுக்கொடுத்தீர்கள்?” என்று கேட்கிறார்கள். தராசில் இந்தப் பக்கம் வேலை, அந்தப் பக்கம் குடும்பம் என்று வைத்து, எந்தத் தட்டு கீழே இறங்கியது என்று பார்க்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியில் நம்பிக்கை போய்விட்டது. பதினேழு வருடம் வேலை பார்த்ததில் எனக்குப் புரிந்தது வேறு. இரண்டு இடத்திலும் முதல் எண்ணாக ஒரே ஆள் இருக்க முடியாது. ஒரு வீட்டில் அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போகிறார்கள், அலுவலகத்திலும் முதலில் அழைக்க வேண்டிய ஆள் அம்மாதான், வீட்டிலும் அம்மாதான் என்றால், அவள் எதையும் ‘தேர்ந்தெடுக்கவில்லை’. இரண்டு பக்கமும் மணி அடிக்கிறது, இரண்டையும் எடுக்கிறாள், ஒருநாள் ஏதாவது ஒன்றைத் தவறவிடுகிறாள். தவறவிட்டதற்குப் பெயர்தான் அவளுடைய ‘முடிவு’ என்று ஆகிவிடுகிறது.

நான் மேலே வந்ததே அந்த மணியை எடுத்துத்தான். அதைச் சொல்லாமல் மேலே எழுதுவது நேர்மையாக இருக்காது.

பணப் பரிமாற்ற மென்பொருளில் வேலை. ஒரு நிறுவனத்தின் ஊழியர்களுக்குச் சம்பளம் அவரவர் கணக்குக்குப் போய்ச் சேர வேண்டும், அதற்கான கோப்பு இரவில் ஓடும், எங்காவது சிக்கினால் காலையில் ஆயிரக்கணக்கான பேருக்குப் பணம் வராது. மகளுக்கு இரண்டு வயது இருக்கும்போது ஒரு மாதக் கடைசி, இரவு இரண்டு மணி, கோப்பு நின்றுவிட்டது. அவளுக்கு அன்றைக்கு நல்ல காய்ச்சல். தோளில் அவள், கட்டிலில் மடிக்கணினி, இடது கையால் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே வலது கையின் ஒரு விரலால் தட்டச்சு செய்தேன். அழைப்பில் இன்னும் ஆறு பேர் இருந்தார்கள். அவள் அழும்போது மைக்கை அணைப்பேன், அடங்கியதும் போடுவேன். நாலரை மணிக்குக் கோப்பு ஓடி முடிந்தது. காய்ச்சல் ஆறு மணிக்குத்தான் இறங்கியது. கணவர் அந்த வாரம் அலுவலக வேலையாக வெளியூரில் இருந்தார்.

மறுநாள் பெரியவர்களிடமிருந்து பாராட்டு மின்னஞ்சல் வந்தது. எப்போது கூப்பிட்டாலும் கிடைப்பார் என்று ஒரு வரி இருந்தது அதில். மூன்று மாதத்தில் ப்ரமோஷன். அந்த வரியை நான் பல வருடம் நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தேன், அதுதான் என் திறமை என்று நம்பிக்கொண்டிருந்தேன். என் கீழ் வேலை பார்த்தவர்களிடமும் அதையே எதிர்பார்த்தேன். இப்போது அந்த மின்னஞ்சலைத் திறந்து படித்தால், ஒரு கோப்பு நின்றால் அதைச் சரிசெய்ய அந்த நிறுவனத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரிந்திருந்தது என்பதும், அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை என்பதும்தான் கண்ணில் படுகிறது.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. 2023-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிளாடியா கோல்டினுக்குக் கிடைத்தபோது எல்லோரையும்போல நானும் அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று தேடிப் படித்தேன். ஆண், பெண் சம்பள இடைவெளியைப் பற்றி இருநூறு ஆண்டுத் தரவுகளைத் தோண்டி எடுத்தவர். ‘பேராசை பிடித்த வேலை’ என்று ஒரு வகையைச் சொல்கிறார். அதாவது, இரண்டு மடங்கு நேரம் கொடுத்தால் இரண்டு மடங்குக்கும் மேலே சம்பளம் கொடுக்கும் வேலை. எந்த நேரத்தில் அழைத்தாலும் வர வேண்டும், திடீரென்று கிளம்பச் சொன்னால் கிளம்ப வேண்டும், உன் வாடிக்கையாளருக்கு உன்னைத் தவிர வேறு யாரும் கூடாது. ஒரு வீட்டில் இரண்டு பேருமே அப்படிப்பட்ட வேலையில் இருந்தால் குழந்தையை யார் பார்ப்பது? ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். விட்டுக்கொடுப்பவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அவர் காட்டும் உதாரணங்களில் என்னை உலுக்கியது மருந்தாளுநர்கள் கதைதான். அமெரிக்காவில் ஒரு காலத்தில் மருந்தகம் என்றால் பெரும்பாலும் சொந்தக் கடை. முதலாளியே மருந்தாளுநர், நாள் முழுக்க அவர் இருந்தாக வேண்டும், அவருக்கு மட்டும்தான் எந்த நோயாளிக்கு என்ன மருந்து என்று தெரியும். பெண்கள் அந்தத் தொழிலில் குறைவு, இருந்தவர்களுக்கும் வருமானம் குறைவு. பிற்பாடு பெரிய மருந்தகச் சங்கிலிகள் வந்தன, நோயாளியின் விவரம் கணினிக்குப் போனது, மருந்துகள் ஒரே தரத்துக்கு வந்தன. ஒரு மருந்தாளுநர் வீட்டுக்குப் போனால் அடுத்தவர் அதே திரையைப் பார்த்து அதே மருந்தைத் தர முடிந்தது. இன்று அந்தத் தொழிலில் பாதிக்கும் மேல் பெண்கள். சம்பள இடைவெளி மிகக் குறைவாக இருக்கும் தொழில்களில் அதுவும் ஒன்று. பெண்களுக்கு என்று தனிச் சலுகை யாரும் கொடுக்கவில்லை. ஒருவர் இடத்தில் இன்னொருவர் நிற்க முடிகிற மாதிரி வேலை மாறியது, அவ்வளவுதான்.

அதைப் படித்த இரவு என்னால் தூங்க முடியவில்லை. ‘நான் இல்லாவிட்டால் நடக்காது’ என்பதை என் தகுதியாக நினைத்து வளர்த்தவள் நான். வீட்டிலும் அதையே செய்திருந்தேன். தடுப்பூசி தேதி எனக்குத்தான் தெரியும், எந்தச் செருப்பு கடிக்கிறது என்று எனக்குத்தான் தெரியும், ஆசிரியரின் பெயர் எனக்குத்தான் தெரியும். கணவர் கேட்டால் சொல்லிக்கொடுப்பதைவிட நானே செய்துவிடுவது சுலபமாக இருந்தது. அதில் ஒரு பெருமையும் இருந்தது, அதை மறைக்கவில்லை.

சரி, குழந்தை பிறந்ததும் பெண்களின் வருமானம் குறைவது எல்லா இடத்திலும் நடப்பதுதானே என்று கேட்கலாம். நடக்கிறது. எவ்வளவு என்று பார்த்தால் வயிறு கலங்கும். டென்மார்க்கின் பதிவேடுகளை வைத்து ஹென்ரிக் க்ளெவனும் அவருடன் இருவரும் 2019-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முதல் குழந்தை பிறக்கும் வரை ஆண்களின் வருமானக் கோடும் பெண்களின் வருமானக் கோடும் ஒன்றாகவே போகின்றன. குழந்தை பிறந்த அந்த இடத்தில் பெண்களின் கோடு கீழே விழுகிறது, பல வருடம் கழித்துப் பார்த்தாலும் சுமார் 20 விழுக்காடு கீழேயே நிற்கிறது. ஆண்களின் கோட்டில் ஓர் அசைவும் இல்லை. குழந்தைகள் காப்பகம், பெற்றோர் விடுப்பு என்று எல்லாம் நன்றாக இருக்கும் நாடு அது. அந்த வரைபடத்தில் கோடு பிரியும் இடத்தை நான் பெரிதாக்கி வைத்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த எத்தனையோ முகங்கள் அந்தப் புள்ளியில் இருந்தன.

அந்த முகங்களில் ஒன்றுக்கு நானே தீங்கு செய்திருக்கிறேன்.

மேலாளராக இருந்த காலத்தில் ஒரு ப்ரமோஷன் கூட்டம். ஐந்து பேர் உட்கார்ந்து அடுத்த டீம் லீட் யார் என்று பேசுகிறோம். என் டீமில் ஒரு பெண் இருந்தாள், மகப்பேறு விடுப்பு முடிந்து வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. வேலையில் அந்தப் பொறுப்புக்குப் பேசப்பட்ட மற்ற இருவரைவிடவும் ஒரு படி மேல் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். ஒருவர் சொன்னார், “இப்பதானே வந்திருக்காங்க, குழந்தை வேற சின்னது, பாவம், அவங்களுக்கு ஏன் இப்போ சுமை?” குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அக்கறையாகத்தான் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒருத்திதான் அங்கே தாய். நான் தலையாட்டினேன். நான் பட்ட பாட்டை அவள் படவேண்டாம் என்று நினைத்தேன், அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கலாம் என்று எனக்குத் தோன்றக்கூட இல்லை. அவள் ஒன்றரை வருடத்தில் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டாள். போகும் நாளில் என்னிடம் வந்து, “உங்ககிட்ட நிறைய கத்துக்கிட்டேன் மேடம்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் கூட்டத்தில் நடந்தது அவளுக்குத் தெரியாது.

உலகின் பெரிய நிறுவனங்களின் தலைமை நாற்காலியில் ஏன் இவ்வளவு குறைவாகப் பெண்கள் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு வருடமும் கட்டுரைகள் வருகின்றன. அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனங்களைக் கொண்ட ஃபார்ச்சூன் 500 பட்டியலில் பெண் தலைமைச் செயல் அதிகாரிகளின் பங்கு 10 விழுக்காட்டைத் தாண்டியதே 2023-ல்தான். பெண்களை மேலே போகவிடாமல் தடுக்கும் கண்ணுக்குத் தெரியாத தடைக்கு ‘கண்ணாடிக் கூரை’ என்ற சொல்லை 1978-ல் மேரிலின் லோடன் ஒரு கருத்தரங்கில் சொன்னார், அன்றிலிருந்து எல்லோரும் மேலே அண்ணாந்து கூரையையே பார்க்கிறோம். ஏணியின் முதல் படியே உடைந்திருக்கிறது என்பதை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனமும், வேலை பார்க்கும் பெண்களுக்கான லீன் இன் அமைப்பும் அமெரிக்க நிறுவனங்களில் எடுத்த 2023 கணக்கின்படி, முதல் மேலாளர் பதவிக்கு 100 ஆண்கள் உயர்த்தப்பட்டால் 87 பெண்கள்தான் உயர்த்தப்படுகிறார்கள். அந்த 13 பேரில் ஒருத்திக்கு வழியை மறித்து நின்றது என் தலையாட்டல் மாதிரி ஏதோ ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

இன்னொன்று. வேலை என்று கணக்கில் வராத வேலைகள். மீட்டிங்கின் மினிட்ஸ் எழுதுவது, புதிதாகச் சேர்ந்தவருக்கு எல்லாம் காட்டிக்கொடுப்பது, பிரிவு உபசார விழாவுக்குப் பணம் சேர்ப்பது, எந்த முடிவும் எடுக்காத குழுவில் உறுப்பினராக இருப்பது. யாராவது செய்துதான் ஆக வேண்டும், ஆனால் அப்ரைசலில், அதாவது வருடாந்தர மதிப்பீட்டில், இதற்கு ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. லிண்டா பாப்காக்கும் உடன் மூன்று பேரும் 2017-ல் இதைப் பரிசோதனையாகவே செய்து பார்த்தார்கள். மூன்று பேர் கொண்ட குழு, இரண்டு நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் முன்வந்து ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்துபவருக்கு மற்றவர்களைவிடக் குறைவான பணம். யாருமே அழுத்தாவிட்டால் எல்லோருக்கும் அதைவிடக் குறைவு. ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில் பெண்கள் ஆண்களைவிட ஏறக்குறைய 50 விழுக்காடு அதிகமாக முன்வந்தார்கள். யாரைக் கேட்பது என்று முடிவு செய்ய ஒரு மேலாளரை வைத்தபோது, பெண்களைக் கேட்பதுதான் 44 விழுக்காடு அதிகமாக நடந்தது. கேட்டது ஆணா பெண்ணா என்பதில் வித்தியாசமே இல்லை. கேட்கப்பட்ட பெண்களில் 76 விழுக்காட்டினர் சரி என்றார்கள், ஆண்களில் 51.

ஆனால் இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. ஆண்கள் மட்டும் இருந்த குழுக்களில் ஆண்கள் முன்வந்தார்கள். பெண்கள் மட்டும் இருந்த குழுக்களில் பெண்கள் எவ்வளவு முன்வந்தார்களோ அதே அளவுக்கு. அப்படியென்றால் இது பெண்களின் ‘சுபாவம்’ இல்லை. அறையில் ஒரு பெண் இருந்தால் அவள் செய்வாள் என்று ஆண்களும் நினைக்கிறார்கள், பெண்ணும் நினைக்கிறாள். இதைப் படித்த பிறகு என் டீமின் கடந்த ஆறு மாத மினிட்ஸ்களை எடுத்துப் பார்த்தேன். 14 பேர் கொண்ட டீமில் நாலு பெண்கள். 22 மினிட்ஸ்களில் 19 அந்த நாலு பேர் எழுதியவை. நான் யாரையும் எழுதச் சொன்னதாக எனக்கு நினைவே இல்லை, ஆனால் “யாராவது நோட்ஸ் எடுத்துக்கறீங்களா?” என்று கேட்டுவிட்டு ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறேன் போல. இப்போது அகர வரிசைப்படி எழுதுகிறார்கள். முதல் மாதம் இரண்டு ஆண்களுக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, கற்றுக்கொண்டார்கள்.

வீட்டுப் பக்கம் வருகிறேன். அதுதான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

இந்திரா நூயி பெப்சிகோவின் தலைவராகப் போகிறார் என்று தெரிந்த இரவு வீட்டுக்கு வந்தபோது, நல்ல செய்தியைச் சொல்லும் முன்பே அவருடைய அம்மா பால் வாங்கி வரச் சொன்ன கதையை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். கிரீடத்தைக் கார் நிறுத்துமிடத்திலேயே விட்டுவிட்டு வா என்று அம்மா சொன்னதை அவரே 2014-ல் ஒரு மேடையில் சொன்னார். பெரும்பாலும் அதைப் பணிவுக்கு உதாரணமாகப் பகிர்கிறார்கள். எனக்கு அந்தக் கதையில் வேறோர் இடத்தில் முள் தைக்கும். கணவர் எட்டு மணிக்கே வந்துவிட்டாரே, அவரிடம் ஏன் சொல்லவில்லை என்று நூயி கேட்கிறார். அவர் களைத்துப்போய் இருக்கிறார் என்கிறார் அம்மா. வீட்டில் வேலைக்கு ஆட்களும் இருந்தார்கள், அவர்களிடம் சொல்ல மறந்துவிட்டதாம். ராத்திரி பத்து மணிக்கு வந்தவளுக்குக் களைப்பு இருக்காது என்று அந்த வீட்டில் எல்லோரும், அவள் உட்பட, ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அவர் போய் வாங்கியும் வந்தார்.

ஸ்வீடனில் ஒல்லெ ஃபோல்கெ, யோஹன்னா ரிக்னெ என்ற இருவர் 2020-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மேயர், நாடாளுமன்ற உறுப்பினர் மாதிரிப் பதவிகளுக்குப் போட்டியிட்டுக் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் வைத்துப் பார்த்தார்கள். பதவி கிடைத்த பெண்களுக்கு விவாகரத்து ஆகும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. ஆண்களுக்கு அப்படி எந்த மாற்றமும் இல்லை. நிறுவனத் தலைமைக்கு உயர்ந்த பெண்களிடமும் இதே போக்கைக் கண்டார்கள். இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் பெண்ணைப் பயமுறுத்துகிற செய்தி ஆகிவிடும், பலர் அப்படித்தான் பகிர்கிறார்கள். மிச்சத்தையும் படிக்க வேண்டும். எந்தத் தம்பதிகளிடம் இது நடந்தது? ஆரம்பத்திலிருந்தே கணவனின் வேலையை முதலாகவும் மனைவியின் வேலையை இரண்டாவதாகவும் வைத்து வாழ்ந்தவர்களிடம். குழந்தைக்கான விடுப்பைப் பெரும்பாலும் அவளே எடுத்த வீடுகளில். ஆரம்பம் முதலே சமமாகப் பங்கு போட்டுக்கொண்ட வீடுகளில் பதவி உயர்வு மணவாழ்க்கையை அசைக்கவில்லை.

இதை நான் கணவரிடம் படித்துக் காட்டினேன். படிவத்தில் எண்ணை மாற்றி ஏழெட்டு மாதம் ஆகியிருந்த சமயம். அந்த மாதங்கள் எங்களுக்குச் சுலபமாக இல்லை. பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் அவர் என்னை அழைப்பார், நான் மறுப்பேன், அவர் போவார், சாயங்காலம் முகம் சுண்டியிருக்கும். ஒருமுறை, “என் ஆபீஸ்ல எல்லாரும், உங்க வைஃப் இல்லையான்னு கேக்கறாங்க” என்றார். “என் ஆபீஸ்ல யாரும் அப்படிக் கேட்டதே இல்லைங்க, நான் கிளம்பினா சகஜம்னு விட்டுடுவாங்க” என்றேன். இரண்டு நாள் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அந்த ஆய்வைக் கேட்டதும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம், “நாம அந்த ரெண்டாவது வகை இல்லைல?” என்று கேட்டார். இல்லை என்றுதான் சொன்னேன். இப்போது அந்த வகையாக மாற முயற்சி செய்துகொண்டிருக்கிறோம், நடுவில் பழைய மாதிரி ஆகிவிடுவதும் உண்டு. மகளுக்குப் போன மாதம் பல் வலித்தபோது அவரே பல் மருத்துவரிடம் நேரம் வாங்கி, கூட்டிக்கொண்டு போய், திரும்பி வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். சந்தோஷமாக இருந்தது என்று எழுத ஆசைதான். முதலில் வந்தது, என்னிடம் ஏன் சொல்லவில்லை என்ற வலி. முதல் எண்ணாக இல்லாமல் இருப்பதற்கும் பழக வேண்டியிருக்கிறது.

இழந்தவை இல்லை என்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஏற்பாடுகளால் சரிசெய்துவிட முடியாது. மகளுக்கு ஐந்து வயது இருக்கும்போது வெளிநாட்டில் இரண்டு வருடப் பொறுப்பு ஒன்று வந்தது, வேண்டாம் என்றேன். அதை எடுத்துக்கொண்ட சக ஊழியர் இன்று என்னைவிட இரண்டு படி மேலே இருக்கிறார், நல்ல தலைவர், அவர் மேல் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. ஆனால் அந்தப் பெயர்ப் பலகையைக் கடந்து போகும் ஒவ்வொரு முறையும் ஒரு நொடி நிற்கிறேன். இன்னொரு பக்கம், மகள் ஆறு வயதிலேயே என் திரையைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். அறைக்குள் வந்து, முதலில் மைக் குறியைப் பார்ப்பாள். சிவப்புக் கோடு விழுந்திருந்தால் பேசலாம், இல்லாவிட்டால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலில் நிற்பாள். ஒருமுறை நாலு நிமிடம் அப்படி நின்றிருக்கிறாள், கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு. நான் மைக்கை அணைத்துவிட்டுத் திரும்பியபோது அவள் போய்விட்டிருந்தாள், தாள் தரையில் கிடந்தது. அந்த நாலு நிமிடத்தை எந்த ஆய்வை வைத்தும் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

அலுவலகத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம், எந்த வேலையும் ஒரே ஆளின் தலையில் இருக்கக் கூடாது என்று மாற்றியதுதான். இயக்குநராக எனக்குத் தந்தது நொடிந்துபோன ஒரு பிரிவு, யாரும் எடுக்க விரும்பாதது. சரிந்துகொண்டிருக்கும் இடங்களில்தான் பெண்களை உச்சியில் நிறுத்துகிறார்கள் என்று மிஷெல் ரயனும் அலெக்ஸ் ஹாஸ்லமும் 2005-லேயே எழுதியிருக்கிறார்கள், அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். அங்கே இரவு அழைப்புகள் எல்லாம் மூன்று பேருக்கே போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு கோப்புக்கும் இரண்டு பேர், எழுதிவைத்த குறிப்பு, இரவு அழைப்புகளை எடுக்கும் ஆன்-கால் முறை வாரம் மாற்றி வாரம், ஆன்-கால் பார்த்த மறுநாள் மதியம் வரை விடுப்பு என்று கொண்டுவந்தோம். செலவு ஏறும் என்றார்கள், முதல் ஆறு மாதம் ஏறத்தான் செய்தது. அதற்காக நான் மூன்று கூட்டங்களில் பதில் சொன்னேன். அதற்கப்புறம் ஆட்கள் வேலையை விட்டுப் போவது குறைந்தது, புதிதாக ஆள் எடுத்துப் பழக்கும் செலவும் குறைந்தது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது, இதற்காக முதலில் வந்து நன்றி சொன்னவர்கள் ஆண்கள்தான். ஒருவருக்கு அப்பாவின் டயாலிசிஸ், வாரத்துக்கு மூன்று நாள். அதைப் பற்றி அவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

போன வருடம் மறுபடி அதே மாதிரி ஒரு கூட்டம். டீம் லீட் பொறுப்பு, மகப்பேறு விடுப்பிலிருந்து திரும்பி இரண்டு மாதமான ஒரு பெண். இந்த முறை வேறொருவர் அதே அக்கறையான குரலில் அதே வாக்கியத்தை ஆரம்பித்தார். “அவங்ககிட்ட கேட்டுட்டு வந்து பேசலாமே” என்றேன். கூட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டு அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். நான் பட்டதை எல்லாம் சொன்னேன், வேலை எப்படி இருக்கும் என்றும் சொன்னேன். அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. திங்கட்கிழமை வரை நேரம் கேட்டாள். திங்கட்கிழமை மூன்று வரி மின்னஞ்சல் வந்தது. மாலை ஆறிலிருந்து எட்டு வரை யாரும் அழைக்கக் கூடாது. முதல் நாளிலிருந்தே தனக்கு நிகரான அதிகாரத்தோடு ஒரு துணை லீட் வேண்டும். அந்த வருட அப்ரைசலில் தான் வேலை பார்த்த மாதங்களை மட்டும் வைத்து மதிப்பிட வேண்டும், விடுப்பில் இருந்த மாதங்களைச் சுழியம் என்று போடக் கூடாது.

முதல் இரண்டையும் அன்றைக்கே ஒப்புக்கொண்டேன். மூன்றாவதற்கு மனிதவளத் துறையோடு ஏழு வாரம் பேச வேண்டியிருந்தது. விதியில் இடமில்லை என்றார்கள், இவருக்குச் செய்தால் எல்லோருக்கும் செய்ய வேண்டிவரும் என்றார்கள். எல்லோருக்கும் செய்யலாமே என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். எல்லோருக்கும் என்று ஆனது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு மாதக் கடைசி இரவில் அந்தச் சம்பளக் கோப்பு மறுபடி நின்றது. காலையில் ஏழு மணிக்குத் திரையைத் திறந்தபோதுதான் பார்த்தேன். 1:50-க்கு நின்றிருக்கிறது, துணை லீட் எடுத்திருக்கிறார், குறிப்பைப் பார்த்து 2:35-க்குச் சரிசெய்திருக்கிறார். அவளுடைய பெயர் அந்தப் பதிவில் எங்கேயும் இல்லை. என் பெயரும் இல்லை. ஒன்பதரைக்கு அவள் அலுவலகத்துக்கு வந்தாள், நன்றாகத் தூங்கி எழுந்த முகம். “ராத்திரி ஏதோ நடந்துச்சாமே மேடம், இப்பதான் பார்த்தேன்” என்றாள்.